மூடாதீங்க ஸார்... உள்ளே வேலை நடக்குது!

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற எவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிடுகிற ஒரு வித்தை உண்டு. மூடுவது! மானேஜர் ரூம் கதவு ‘கிரீச்’ என்றால் போதும், திரையின் வலது மேல் மூலையில் இருக்கிற அந்தச் சின்னப் பெருக்கல் குறிக்கு மௌஸ் தானாகப் பாயும். கிரிக்கெட் ஸ்கோர் மறையும். அதன் அடியிலிருந்து ‘பெண்டிங் ஃபைல்கள் - மார்ச்’ என்கிற எக்ஸெல் தாள் அப்பாவியாக எட்டிப் பார்க்கும்.

கிரிக்கெட்டை மூடுவதால் நஷ்டமில்லை. நீங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டீர்கள் என்பதற்காக பேட்ஸ்மேன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் எல்லா ஜன்னலும் கிரிக்கெட் ஜன்னல் இல்லையே!

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி. 212 பேருக்குச் சம்பளம் பாங்க் கணக்குக்குப் போக வேண்டும. புதிதாகச் சேர்ந்த பையன் பட்டனைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறான். திரை அசையவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பக்கத்து சீட் சீனியர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அருள்வாக்கு சொல்கிறார்:

“என்ன தம்பி, தொங்கிடுச்சா? மூடிட்டு மறுபடி ஓட்டு, சரியாயிடும்.”

“சரிங்க ஸார்.”

உண்மையில் எதுவும் தொங்கவில்லை. உள்ளே 140-வது ஆளின் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. மூடியாயிற்று. மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் 140 பேருக்கு இரண்டு சம்பளம். ஓட்டாமல் விட்டால் 72 பேருக்குப் பூஜ்யம். பூஜ்யம் வாங்கியவர்கள் உடனே வந்து சண்டை போடுவார்கள். இரண்டு வாங்கியவர்கள் மட்டும் ரொம்ப அமைதியாக இருப்பார்கள்!

பின்னால் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னால் ஜன்னலை மூடினால் என்ன ஆகும்? கேள்வி சின்னது. அதன் பதிலில் சம்பளம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, உங்கள் பாங்க் பணமும் இருக்கிறது.

அது உத்தரவு இல்லை, விண்ணப்பம்

பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல் செத்துப்போகும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. விண்டோஸ் செய்வதெல்லாம், அந்தப் புரோகிராமுக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவதுதான்: ‘உன்னை மூடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?’ சீட்டைப் படித்து முடிவெடுப்பது புரோகிராம். உடனே மூடிக்கொள்ளலாம். ‘சேமிக்கவில்லையே, சேமிக்கட்டுமா?’ என்று கேட்கலாம். சீட்டைக் கசக்கிக் குப்பையில் போடவும் அதற்கு உரிமை உண்டு.

சரி, சீட்டைப் படிக்க ஆள் இல்லாவிட்டால்?

தாலுகா ஆபீஸ் ஒன்றில் ஒரே ஒரு குமாஸ்தா என்று கற்பனை செய்யுங்கள். கவுன்ட்டரில் பதில் சொல்வதும் அவர்தான், உள்ளே போய் ரிக்கார்டு ரூமில் பழைய கட்டைப் புரட்டித் தேடுவதும் அவர்தான். அவர் உள்ளே போனால் கவுன்ட்டர் காலி. வெளியே நிற்கிறவர் ‘ஸார்... ஸார்...’ என்று கதறுவார். ‘ஆபீஸே செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டுவார்.

மோசமாக எழுதப்பட்ட புரோகிராம் இந்த ஒற்றை ஆள் ஆபீஸ்தான். வேலையையும் அதுவே செய்யும், ஜன்னலையும் அதுவே கவனிக்கும். ஐந்து விநாடி சீட்டு எதுவும் எடுக்கப்படவில்லை என்றால், விண்டோஸ் அந்த ஜன்னலை வெளுக்க வைத்து, தலையில் ‘பதில் இல்லை’ என்று எழுதி ஒட்டிவிடும். நம் சீனியர் அதைத்தான் பார்த்துத் தீர்ப்பு சொன்னார். பதில் இல்லை என்றால் உயிர் இல்லை என்று அர்த்தமில்லை. ஆள் ரிக்கார்டு ரூமில் இருக்கலாம்!

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு ஆள் போடு. ஒருவர் கவுன்ட்டரை விட்டு நகரக்கூடாது. இன்னொருவர் உள்ளே வேலை பார்க்கட்டும். நல்ல புரோகிராம்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் இரண்டு ஆள் போட்டதும் புதுத் தலைவலி ஒன்று வரும். கவுன்ட்டர்க்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருக்கிறவர் கதி?

இரண்டு விபரீதம் உண்டு. ஒன்று, அவர் இருட்டில் தனியாக வேலையைத் தொடர்வார். ஜன்னல் இல்லை, ஆனால் புரோகிராம் உயிரோடு இருக்கிறது. திரை மூடியிருந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை என்பதைச் சிதம்பரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? கம்ப்யூட்டரில் அந்தத் திரையை விலக்கிக் காட்டுவது ‘டாஸ்க் மேனேஜர்’. திறந்து பாருங்கள், நீங்கள் காலையில் மூடியதாக நினைத்த ஐட்டங்கள் நாலைந்து அங்கே சுகமாக இருக்கும்.

இரண்டாவது விபரீதம் இன்னும் மோசம். ஷட்டர் இறங்கிய அதே நொடியில் உள்ளே இருக்கிறவரின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வெளியே வீசுவது. எழுதிய வரி பாதியில் நிற்கும். டாட்நெட்டில் ஒரு வேலைக்கு ‘பின்னணி’ என்று முத்திரை குத்திவிட்டால் இந்த கதிதான். முன்னணி வேலைகள் எல்லாம் முடிந்ததும் பின்னணி வேலை நின்ற இடத்திலேயே காலி.

இருட்டில் தவிக்கவும் விடக்கூடாது, கழுத்தையும் பிடிக்கக்கூடாது. அப்படியானால் எப்படித்தான் மூடுவது? இதற்கு அருமையான விடை ஒன்று, நம்ம ஊர்ப் பள்ளிக்கூட வகுப்பறைகளில், சில வருஷங்களுக்கு ஒருமுறை, மேஜை மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஓட்டு மெஷின் சொல்லித் தரும் பாடம்

தேர்தல் டியூட்டிக்குப் போன அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இது உங்கள் சப்ஜெக்ட்.

2024 ஏப்ரல் 19. தமிழ்நாட்டின் 39 லோக்சபா தொகுதிகளுக்கும் ஒரே நாளில் ஓட்டுப்பதிவு. கடலூரும் உண்டு, சிதம்பரமும் உண்டு. காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு முடிவு. சரி, 6 மணி அடிக்கும்போது க்யூவில் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள். என்ன செய்வது?

1961-ம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் இதற்குத் தெளிவான வழி இருக்கிறது. குறித்த நேரத்தில் சாவடியை மூட வேண்டும். அதன்பிறகு புதிதாக யாரையும் விடக்கூடாது. ஆனால் மூடும்போது அங்கே வந்து நிற்கிறவர்கள் அத்தனை பேரும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்காகத் தலைமை அலுவலர் கையெழுத்திட்ட சீட்டுகள் கொடுக்கப்படும். அந்தச் சீட்டை எங்கிருந்து கொடுக்கத் தொடங்குவார்கள் தெரியுமா? முதல் ஆளிடமிருந்து இல்லை. க்யூவின் கடைசி ஆளிடமிருந்து! முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டே போனால், வால் பக்கம் புதிதாக நாலு பேர் வந்து ஒட்டிக்கொள்வார்கள் இல்லையா? கடைசி ஆள் கையில் முதல் சீட்டு போய்விட்டால் எல்லை அங்கேயே முடிந்தது. கிராமத்து வாத்தியார் முதல் தாசில்தார் வரை சாதாரணமாகச் செய்கிற இந்தக் காரியத்தை எத்தனையோ சாஃப்ட்வேர்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது மெஷினுக்கு வருவோம். ஓட்டு மெஷினில் அலுவலர் பக்கம் இருப்பது கன்ட்ரோல் யூனிட். அவர் ‘பேலட்’ பட்டனை அழுத்தினால் அதில் ‘பிஸி’ என்று ஒரு சிவப்பு விளக்கு எரியும். ‘உள்ளே ஒருத்தர் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்’ என்று அர்த்தம். மறைப்புக்குள் வாக்காளர் நீலப் பட்டனை அழுத்துகிறார். பக்கத்தில் வி.வி.பேட் பெட்டியின் சின்னக் கண்ணாடி ஜன்னலில் சீட்டு 7 விநாடி தெரிந்து உள்ளே விழுகிறது. ‘பீப்’ என்று நீண்ட சத்தம். பிஸி விளக்கு அணைகிறது. அப்புறம்தான் அடுத்த ஆள்.

அதே கன்ட்ரோல் யூனிட்டில் மூடி போட்ட இன்னொரு பட்டன் உண்டு. அதன் பெயரே ‘க்ளோஸ்’! கடைசி வாக்காளர் போனதும் அதை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் அதன்பிறகு அந்த மெஷினில் ஒரு ஓட்டுகூடப் போட முடியாது.

இதில்தான் அழகு இருக்கிறது. பிஸி விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது க்ளோஸ் பட்டனை நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் வேலை செய்யாது. கட்டை விரல் தேய்ந்தாலும் சரி! உள்ளே வேலை நடக்கிறது, அதனால் மூட முடியாது. விளக்கைப் பார்த்தாலே காரணமும் தெரிந்துவிடுகிறது.

“சரி ஸார், கடைசி ஆள் உள்ளே போய் ‘எனக்கு ஓட்டுப் போட இஷ்டமில்லை’னு திரும்பி வந்துட்டா? பிஸி விளக்கு ராத்திரி பூரா எரியுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பவர் சுவிட்சை அணைத்து, பேலட் யூனிட் கனெக்‌ஷனைப் பிரித்துவிட்டு, மறுபடி ஆன் செய்தால் பிஸி விளக்கு அணைந்திருக்கும். க்ளோஸ் வேலை செய்யும். ஏற்கெனவே பதிவான ஓட்டு ஒன்றுகூடப் போகாது. போடாத ஓட்டு ஒன்றுகூட ஏறாது. அந்த மெஷினில் ஒரு ஓட்டு உண்டு, அல்லது இல்லை. அரை ஓட்டு என்ற சமாசாரமே கிடையாது.

ஓர் ஓட்டுக்கு இவ்வளவு கவலையா என்கிறவர்களுக்கு நம் மாவட்டமே பதில் சொல்லும். 2016 சட்டசபைத் தேர்தலில் காட்டுமன்னார்கோவில் தொகுதியில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்தது வெறும் 87 ஓட்டு! ஒரே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், ஆறு மணிக்கு நிற்கிற க்யூவில் அடங்கிவிடும். 2019 லோக்சபா தேர்தலில் சிதம்பரம் தொகுதியின் வித்தியாசம் 3,219. அந்தக் கடைசி க்யூவை எப்படி மூடுகிறோம் என்பது வெறும் விதிப் புத்தக விஷயமில்லை.

மூன்றே விதிகள்

ஓட்டு மெஷினிலிருந்து நமக்குக் கிடைப்பது மூன்று விதிகள். முதலாவது, மூடுவது என்று முடிவானதும் புதிய வேலையை ஏற்காதே. இரண்டாவது, ஏற்றுக்கொண்ட வேலையை முடி, முடிக்கிறாய் என்று வெளியே தெரியும்படி ஒரு விளக்கு வை. மூன்றாவது, முடிக்க முடியாத வேலையை நடக்கவே இல்லை என்பதுபோல் சுத்தமாகத் துடைத்துவிடு.

சிதம்பரம் தேர் வீதிகளில் ராத்திரி பத்தரை மணிக்கு நடந்து பாருங்கள். ஹோட்டல் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தால், “முடிஞ்சிருச்சுண்ணே!” என்று குரல் வரும். ஆனால் உள்ளே இலை போட்டு உட்கார்ந்தவருக்கு இட்லியும் கொத்சும் வந்துகொண்டுதான் இருக்கும். அவர் கை கழுவியதும் மீதி ஷட்டர் இறங்கும். எந்தக் கம்ப்யூட்டர் காலேஜிலும் படிக்காமல் அந்த சர்வர் முதல் இரண்டு விதிகளையும் கடைப்பிடிக்கிறார். (கம்ப்யூட்டர் உலகத்திலும் பரிமாறுகிறவனுக்கு ‘சர்வர்’ என்றுதான் பெயர். பொருத்தம்!)

லினக்ஸ் இயந்திரங்களில் இது நம்பர் போட்டே இருக்கிறது. ஒரு புரோகிராமை நிறுத்த 15-ம் நம்பர் சமிக்ஞை அனுப்பினால், ‘கையில் உள்ளதை முடித்துவிட்டுக் கிளம்பப்பா’ என்று அர்த்தம். 9-ம் நம்பர் அனுப்பினால் கேள்வி முறையே இல்லை. அந்த இடத்திலேயே கதை முடிந்தது. முதலில் 15 அனுப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு வழியே இல்லாதபோது 9 என்பதுதான் மரியாதை.

இந்தப் பாடத்தைப் பெரிய கம்பெனிகளே பட்டுத்தான் கற்றன. ஜாவா மொழியில் ஓடுகிற வேலையை வெளியிலிருந்து டக்கென்று நிறுத்த ‘ஸ்டாப்’ என்று ஒரு கட்டளை இருந்தது. 1998-ல் வந்த ஜாவா 1.2-ல், ‘இனிமேல் இதைத் தொடாதீர்கள்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். பாதியில் நிறுத்தினால் தகவல் அரைகுறையாக நின்று, பின்னால் எங்கேயோ வெடித்தது. இப்போதைய முறை வேறு. உள்ளே வேலை செய்கிறவன் ஒவ்வொரு படி முடிந்ததும் தலையைத் தூக்கி ‘நிறுத்தச் சொன்னார்களா?’ என்று பார்க்க வேண்டும். சொல்லியிருந்தால், பாதுகாப்பான இடத்தில் தானே நிற்க வேண்டும்.

விண்ணப்பமே போடாமல் மூடினால்?

கடலூர்க்காரர்களுக்கு 2011 டிசம்பர் 30 மறக்காது. தானே புயல் கரையைக் கடந்த காலை. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மாவட்டத்திலேயே நெய்வேலியை வைத்துக்கொண்டு வீட்டில் மெழுகுவர்த்தி! கரன்ட் போவது 9-ம் நம்பர் மாதிரி. ‘மூடலாமா?’ என்று அது உங்களிடம் கேட்காது.

இதற்கும் பதில் இருக்கிறது. நல்ல டேட்டாபேஸ்கள் எதையும் மாற்றுவதற்கு முன்னால், ‘இதை மாற்றப் போகிறேன்’ என்று தனியாக ஒரு நோட்டில் எழுதிவிடும். நடுவில் கரன்ட் போய்விட்டால், வந்ததும் முதல் வேலை நோட்டைப் புரட்டுவதுதான். முடித்ததாக எழுதியிருந்தால் வைத்துக்கொள்ளும். பாதியில் நின்றிருந்தால் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். நம் 212 பேர் சம்பளமும் இப்படி ஒரே கட்டாக எழுதப்பட்டிருந்தால், ஒன்று 212 பேருக்கும் போயிருக்கும் அல்லது ஒருவருக்கும் போயிருக்காது. எந்த நிலையிலும் 140 என்ற எண்ணுக்கு இடமில்லை.

உங்கள் பர்ஸில் இருக்கிற பிஸி விளக்கு

ஆபீஸ் கம்ப்யூட்டரை விடுங்கள். செல்போனில் டீக்கடைக்கு 12 ரூபாய் அனுப்புகிறீர்கள். சக்கரம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் நிற்கிறவர் “சீக்கிரம் தம்பி” என்கிறார். நீங்கள் ஆப்பை மூடிவிட்டு மறுபடி திறந்து இன்னொரு தரம் அனுப்புகிறீர்கள். இரண்டு தரமும் போய்விடுகிறது!

நீங்கள் மூடியது உங்கள் போனில் இருந்த ஜன்னலை மட்டும்தான். வேலை நடப்பது பாங்குகளின் கம்ப்யூட்டரில். அங்கே ‘பேலட்’ ஏற்கெனவே அழுத்தியாயிற்று. பணம் கட்டும் பக்கங்களில் ‘பேக் பட்டனை அழுத்தாதீர்கள்’ என்று கெஞ்சுவது இதனால்தான்.

கணக்கில் பணம் போய், எதிராளிக்குச் சேரவில்லை என்றால் பயப்படாதீர்கள். 2019 செப்டம்பர் 20-ல் ரிசர்வ் பாங்க் இதற்காகவே ஒரு சுற்றறிக்கை போட்டது. யு.பி.ஐ. வழியாக ஒரு நபருக்கு அனுப்பிய பணம் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது உறுதியாகவில்லை என்றால் ஐந்து நாளுக்குள். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்திருந்தாலும் ஐந்து நாளுக்குள். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. நீங்கள் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் பாங்கே கணக்கில் போட வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. ‘முடிக்க முடியாததைத் துடைத்துவிடு’ என்ற மூன்றாவது விதிதான் இது, சட்டப்பூர்வ வேஷத்தில்!

மூடுகிறவர்கள் கவனத்துக்கு

* ‘பதில் இல்லை’ என்று பார்த்ததும் மூடாதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அந்தப் புரோகிராமுக்கு நேரே பிராசஸர், டிஸ்க் எண்கள் ஆடிக்கொண்டிருந்தால் ஆள் பெரும்பாலும் ரிக்கார்டு ரூமில்தான் இருக்கிறார். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

* பணம் விஷயத்தில் இரண்டாம் தரம் அழுத்துமுன் எஸ்.எம்.எஸ். அல்லது பாங்க் கணக்கைப் பாருங்கள். கழிந்திருந்தால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு காத்திருங்கள்.

* பென் டிரைவைப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்காதீர்கள். ‘காப்பி ஆயிடுச்சு’ என்று திரை சொன்ன பிறகும் கடைசித் துளி எழுதப்படாமல் இருக்கலாம். ‘எஜெக்ட்’ கொடுத்தால் அதை எழுதி முடித்துவிட்டு, ‘எடுக்கலாம்’ என்று சொல்லும்.

* ஷட் டவுன் செய்யும்போது ‘இந்தப் புரோகிராம் தடுக்கிறது’ என்று விண்டோஸ் சொன்னால், அது முரண்டு பிடிக்கவில்லை. பிஸி விளக்கு எரிகிறது என்கிறது. ‘பரவாயில்லை, மூடு’ என்பதை அழுத்துமுன் எந்தப் புரோகிராம் என்று பெயரைப் படியுங்கள்.

* புரோகிராம் எழுதுகிற தம்பிகளுக்கு: பெருக்கல் குறி அழுத்தப்பட்டால் முதலில் ‘உள்ளே வேலை ஓடுகிறதா?’ என்று பாருங்கள். ஓடினால், ‘212-ல் 140 முடிந்தது. காத்திருக்கவா, ரத்து செய்யவா?’ என்று எண்ணோடு கேளுங்கள். வெறும் சக்கரம் சுற்றவிட்டால் மனிதன் மூடத்தான் செய்வான். தப்பு அவன் மேல் இல்லை.

ஆறு மணிக்கு மூடும் சாவடியில் ஆறேகாலுக்கு ஒருவர் கையில் சீட்டோடு நிம்மதியாக நிற்கிறார். தன் முறை வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த நிம்மதியை ஒரு துண்டுச் சீட்டும் ஒரு சிவப்பு விளக்கும் கொடுக்க முடிகிறது. நாற்பதாயிரம் ரூபாய் கம்ப்யூட்டர் கொடுக்க முடியாதா என்ன?